கருக்கி ரகம்

எங்கள் செங்கல் சூளையில் நெருப்பு என் பொறுப்பு. மண் குழைப்பதும் அச்சில் அறுப்பதும் விற்பதும் என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன். கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டு போவது என் வீட்டுக்காரர். ஆறு வருடமாக இப்படித்தான் ஓடியது, அந்த ஒரு சூளை கெடும்வரை.

தப்பு என்னுடையதுதான், மழுப்ப மாட்டேன். மழையில் விறகு நனைந்திருந்தது. கல் வேகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கூடுதலாக ஒரு நாள் எரித்தேன். பிரித்துப் பார்த்தால், சிவப்பாக வரவேண்டிய கல்லெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில், அரை விரல் சுருங்கிக் கிடந்தது.

வாங்க வந்த கொத்தனார் முகத்தைச் சுளித்தார். "அளவு சேராதும்மா. சுவரு நெளியும்" என்றவர், எதற்கும் பார்ப்போம் என்று ஒரு கல்லைப் பாதியாக்கக் கரணையால் ஓங்கித் தட்டினார். கல் அப்படியே இருந்தது, கரணையின் பிடிதான் கழன்று விழுந்தது. அதைப் பார்த்து நான் சிரித்திருக்கக் கூடாது.

"செய்யறதயும் செஞ்சிட்டு சிரிப்பு வேறயா, கருக்கி?" என்றார் மூத்தார்.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். மண் மிதிப்பவர்கள்கூடச் சொல்லிச் சிரித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். "அடுத்த சூளைக்கு வெளியாளக் கூட்டிட்டு வரேன். நீ வீட்டு அடுப்பப் பாத்தா போதும்" என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை. அந்த நெருப்பை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

கழன்று விழுந்த பிடி மனதைவிட்டுப் போகவில்லை. உடையாத கல்லைச் சுவரில் ஏன் ஒளித்து வைக்கவேண்டும், காலுக்கும் சக்கரத்துக்கும் கீழே போட்டால் என்ன? சந்தைத் தெரு மழைக்கு மழை சேறாகிக் கிடந்தது. இரண்டு கல்லைத் தூக்கிக்கொண்டு ரோடு இன்ஜினியரிடம் போனேன்.

"செங்கல்லா? போன வருஷம் போட்டது மாவாப் போச்சேம்மா."

"அது பதமா வெந்தது சார். இது பயத்துல வெந்தது."

ஒன்றோடொன்று தட்டிக் காட்டினேன். கணீரென்றது. அவர் சிரித்துக்கொண்டே ஒன்றை எடைபோட்டு வாளித் தண்ணீரில் போட்டார். மறுநாள் எடுத்து மறுபடியும் எடைபோட்டார். ஒரு மிடறுகூடக் குடித்திருக்கவில்லை அந்தக் கல். முப்பதடி மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

படுக்கப் போட்டால் பாரத்தில் உடையும் என்று குத்துவாக்கில் நெருக்கி அடுக்கி, இடுக்கில் மணலைக் கூட்டினோம். மூத்தார் வேடிக்கை பார்க்க வந்தார். ஒரு கல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை, மகராசன்.

மழைக்காலம் போனதும் சோதனை. லாரி நிறைய இரும்புக்கம்பி. ஓட்டியது என் வீட்டுக்காரர்.

"பாத்து ஓட்டவா?" என்று என் காதோடு கேட்டார்.

"நல்லா அழுத்தி ஓட்டுங்க. பொண்டாட்டி கல்லுன்னு தயவு காட்டாதீங்க."

மனிதர் சொன்ன பேச்சைக் கேட்டார். ஐந்து தடவை போய்வந்தார், கடைசித் தடவை நட்டநடுவில் பிரேக்கை மிதித்தார். இன்ஜினியர் குந்தி உட்கார்ந்து வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட அசையல. தெரு முழுக்க இதயே போட்டுடலாம்" என்று எழுந்தார்.

"என்ன ரகம்னு எழுத சார்?" என்றார் அவரோடு நோட்டும் கையுமாக வந்திருந்த குமாஸ்தா.

"கருக்கி" என்றார் மூத்தார், பழக்கதோஷத்தில். நுணலும் தன் வாயால் கெடும். குமாஸ்தா கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டார்.

இன்று சந்தைத் தெரு, ஆஸ்பத்திரித் தெரு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் கருக்கி ரகம்தான். சுற்றுவட்டாரச் சூளைக்காரர்களும் சுட்டுப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு உருகி ஒட்டிக்கொள்கிறது, இன்னொருவருக்குச் சிவப்போடு நின்றுவிடுகிறது. கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

வெளியாள் வரவே இல்லை. நேற்று மூத்தார் போனைக் கையால் பொத்தியபடி நெருப்பு வாய்க்கு வந்தார்.

"கருக்கி எப்ப கிடைக்கும்னு கேக்கறாங்கம்மா. இன்னும் எவ்வளவு நேரம் எரிக்கணும்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும், மாமா. அந்த விறக எடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.