கொத்தில் சேராத ஐந்து

கணவரின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். விறைத்த உடம்புக்குச் சட்டை மாட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை.

"அம்மா, இரங்கலுரை. வண்டி வர்றதுக்குள்ள ஒருதடவ பாத்துடுங்க." காகிதத்தை நீட்டியவர், கணவரின் பழைய மாணவர். இப்போது வான் ஆய்வகத்தின் தலைவர்.

இரண்டாம் பத்தியில் அவள் கண் குத்திட்டு நின்றது.

"அஞ்சு நீல நட்சத்திரமா?"

"சார் பேர் நின்னதே அதுலதானேம்மா! ஒரு நட்சத்திரக் கொத்துல இருக்கறதெல்லாம் ஒண்ணாப் பொறந்த கூட்டம். கனமானது சீக்கிரம் எரிஞ்சு செவந்துடும். எந்தக் கனம்வரைக்கும் செவந்திருக்குன்னு பாத்தா மொத்தக் கூட்டத்தோட வயசும் தெரிஞ்சுடும். அந்த வயசுக்குச் செவந்திருக்க வேண்டிய அஞ்சு மட்டும் இன்னும் நீலமா மின்னுச்சு. சார்தான் கண்டுபுடிச்சாரு."

அவளுக்கா தெரியாது? கல்யாணமான புதிதில், அதே ஆய்வகத்தில் புகைப்படத் தகடுகளைப் பார்த்து நட்சத்திர ஒளியை அளந்தவள் அவள். மற்றவற்றோடு வரிசையில் உட்காராத ஐந்து புள்ளிகளை முதலில் கணவரிடம்தான் காட்டினாள். அப்படிப்பட்டவற்றை, 'அதே திசையில் தெரியும் வெளியாட்கள்' என்று அடித்துவிடுவது அங்கே வழக்கம். அவரும் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

"உன் கண்ணு சரியில்ல. பேசாம வீட்டப் பாரு."

கண் டாக்டர், "ஒரு பழுதும் இல்லையேம்மா" என்றார். அவள் டாக்டரை நம்பவில்லை, புருஷனை நம்பினாள். வேலையை விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நட்சத்திரப் பேச்சே கூடாதென்று அவர் சட்டம் போட்டார். தன் மனசு நோகக் கூடாதென்றுதான் போட்டார் என்று முப்பத்தோரு வருடம் நினைத்திருந்தாள்.

"எந்த வருஷம் அச்சுல வந்துச்சு?"

சொன்னார். அவள் வேலையை விட்டதற்கு மறு வருடம்.

"அதுங்க மட்டும் ஏன் செவக்கலையாம்?"

"பக்கத்துல ஜோடியா இருந்தத உறிஞ்சிக்கிச்சும்மா. அதான் எளமை."

நாத்தனார் அவள் தோளைத் தொட்டாள். "கல்லு மாதிரி நிக்காதீங்க அண்ணி, அழுதுடுங்க. அண்ணன் உங்கள உள்ளங்கையில வச்சுத் தாங்கினவரு."

அவள் மாணவரையே பார்த்தாள். "பன்னெண்டு புள்ளி நாலு. பன்னெண்டு புள்ளி ஒம்போது. பதிமூணு புள்ளி ஒண்ணு. பதிமூணு புள்ளி மூணு. அதுவே இன்னொண்ணு."

மாணவரின் முகம் வெளிறியது. "அஞ்சோட ஒளி அளவும்... அம்மா, இது உங்களுக்கு எப்படி?"

"நான் அளந்தது."

வெளியே அமரர் ஊர்தி ஹாரன் அடித்தது. மாணவர் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பேனாவைத் திறந்தார். இரண்டாம் பத்திக்கு மேல் அது அசையாமல் நின்றது.

"முன்னாடி சீட்டு உங்களுக்குத்தான் அண்ணி, அண்ணன் வண்டியிலயே," என்றாள் நாத்தனார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த வண்டியைத் தாண்டி நடந்து, பின்னால் நின்ற ஆய்வக வேனில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.