எழுபதாயிரம் காய்

கொஞ்சம் நகர்ந்து, இப்படி என் பக்கமாக உட்காருங்கள், கண்ணுகளா. வாசலோரம் இருக்கிறவளும் உள்ளே வந்துவிடு, அங்கே வாடைக்காற்று அடிக்கும். இன்றைக்கு உங்களுக்கு அலிமாம்மாவின் கதையைச் சொல்லப்போகிறேன். நானே கூட இருந்து பார்த்தது.

ஐம்பத்து நாலாம் வருஷம். போடியில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் நான் வாழ வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எதிர்வீடு அலிமாம்மாவுடையது. அவள் புருஷன் நெயினார் ராவுத்தர், மேலே மலைத்தோட்டங்களில் காயவைத்த ஏலக்காயைக் குரங்கணிப் பாதை வழியாகக் கழுதைகளில் ஏற்றிக் கீழே கொண்டுவருகிறவர். ஒருநாள் கழுதைகள் மட்டும் வந்து சேர்ந்தன. விறகுக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுத் தவசி, பாதையோரப் பாறையில் சாய்ந்தபடி ராவுத்தர் உயிர் அடங்கிக் கிடந்ததைப் பார்த்து, ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுத் தூக்கி வந்தான்.

சாவு எல்லார் வீட்டுக்கும்தான் வருகிறது. அலிமாம்மாவின் நெஞ்சை அறுத்தது வேறு. எங்கள் ஜனங்களில் ஒருவருக்குக் கடைசி மூச்சு இழுக்கும்போது, பக்கத்தில் இருக்கிறவர்கள் காதோடு கலிமாவைச் சொல்லிக்கொடுப்பார்கள். லா இலாஹ இல்லல்லாஹ். அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை என்கிற அந்த வார்த்தையோடு நாக்கு அடங்கவேண்டும். ராவுத்தருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? "கலிமா சொல்லிக்குடுக்க ஆளில்லாமப் போயிட்டாரே" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். எங்களிடம் சொன்னதுபோல இருக்காது.

புருஷன் இறந்து இத்தாவில் இருக்கிற பெண் நாலு மாதம் பத்து நாள் வெள்ளைத் துப்பட்டியோடு வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும். வயிறு இருக்கிறதே. ஏலக்காய்க் கடையிலிருந்து ஒரு சாக்குக் காயை வீட்டுக்கே அனுப்பினார்கள், காம்பு நறுக்கிக் கொடுப்பதற்கு. முதல் காயைக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியதாம். இறந்தவருக்காக எழுபதாயிரம் கலிமா ஓதி, அந்த நன்மையை அவருக்கு எத்திவைக்கிற வழக்கம் எங்களில் உண்டு. ஒரு காய் நறுக்கினால் ஒரு கலிமா. நாற்பதாம் நாள் இறந்தவருக்காக ஓதுகிற ஃபாத்திஹாவில் எழுபதாயிரத்தையும் அவர் பெயருக்குச் சேர்த்துவிடவேண்டும். அவர் தனியாகச் சொல்லாமல் போனதை இவள் எழுபதாயிரம் முறை சொல்லி அனுப்புவாள்.

அவளுக்கு எழுதத் தெரியாது. ஒரு சின்ன ஓலைப்பெட்டி நிறைய ஏழாயிரம் காய் பிடிக்கிறது என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொண்டாள். பெட்டி நிறைந்ததும் புதுச்சாக்கில் கொட்டுவாள். பத்துப் பெட்டி. வேறு அடையாளம் எதுவும் வைக்கவில்லை. சாக்கே கணக்கு என்று இருந்துவிட்டாள். கத்தரிக்கோல் ஒவ்வொரு தடவை கிளிக் என்னும்போதும் அவள் உதடு அசையும். அந்தத் தெருவே ஏலவாசனையில் கிடந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் அவள் குரல்தான் கேட்கிறது.

முப்பத்து நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடும் நறுக்கினாள், பிதற்றினாள், எழுந்து எதையோ சாக்கில் கொட்டினாள், மறுபடி படுத்தாள். தவசியின் பெண்டாட்டி சுருளியம்மாள்தான் இரண்டு நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொண்டவள். ராவுத்தரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். மதினி பாவம், இத்தனை காயை எப்போது நறுக்கி முடிக்கும் என்று நினைத்து, கண்மூடிக் கிடந்தவளின் பக்கத்திலேயே உட்கார்ந்து மிச்சம் இருந்ததையெல்லாம் நறுக்கி, அதே சாக்கில் கொட்டி, வாயையும் தைத்துவிட்டாள்.

காய்ச்சல் விட்டு எழுந்த அலிமாம்மாவிடம், "ஒங்க சோலி முடிஞ்சிருச்சு மதினி. வெரசா முடிச்சுட்டேன் பாருங்க" என்றாள் சுருளி, முகமெல்லாம் சிரிப்பாக.

அலிமாம்மா சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். "எத்தனை பெட்டி நறுக்குனே?"

"பெட்டியா? மடியில போட்டு மடியில போட்டுக் கொட்டுனேன். யாரு அளந்தா?"

"அப்ப நான் எத்தன கொட்டியிருந்தேன்?"

அவளுக்கே ஆறு பெட்டியா எட்டா என்று தெரியவில்லை. கலிமா சொன்ன காயும் சொல்லாத காயும் ஒரே நிறமாக ஒரே சாக்கில் கிடந்தன. அலிமாம்மா சாக்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் சுருளிதான் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பள்ளிவாசலில் ஓதுகிற ஆலிம்சாவிடம் கேட்டு அனுப்பினோம். நிய்யத்து, மனசில் வைத்த எண்ணமே போதும், ஓதினது எத்தனை என்று அல்லாஹ்வுக்குத் தெரியும், வருத்தப்படவேண்டாம் என்று சொல்லியனுப்பினார். நல்ல மனுஷன். அலிமாம்மா துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள்:

"அவனுக்குத் தெரியும், அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா எம்மனசுக்குத் தெரியணும்ல? அவருக்குக் குடுக்குறத நான் குறைச்சுக் குடுக்க மாட்டேன். மொதல்லேருந்து ஓதுறேன்."

மிச்சம் நாலு நாள். ஒருத்தி ஓதி முடிக்கிற காரியமா? சுருளிதான் தெருவில் வீடு வீடாக ஏறினாள். குங்குமமும் அழுத கண்ணுமாக வந்து நின்று, "எங்க மதினிக்கு ஓதிக்குடுக்க வாங்க" என்று அவள் கூப்பிட்டதில் ஒருத்தியும் வீட்டில் தங்கவில்லை. பாய் விரித்து, சாக்கைப் பிரித்துக் குவித்தோம். ஒரு கலிமாவுக்கு ஒரு காய் எடுத்துப் பெட்டியில் போடவேண்டும். நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாக்கில் கொட்டுவது சுருளி. ஒவ்வொரு பெட்டிக்கும் சுவரில் கரிக்கோடு இழுத்ததும் அவள்தான். இந்தத் தடவை விடுவாளா?

ஒன்பது பெண்கள் உட்கார்ந்தால் சும்மா இருக்குமா? "ஏண்டி, ஒதடு மட்டும் அசையுது, காய் நகரலையே?" என்று மைமூன் என்னை இடித்தாள். "இவ காயை வாய்க்குள்ளல்ல போடுறா!" என்றாள் இன்னொருத்தி. அலிமாம்மாகூட உதட்டுக்குள் சிரித்தாள். ராவுத்தர் போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

முப்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம். எட்டுக் கோடு விழுந்திருந்தது. மற்றவர்கள் அடுப்பைப் பார்க்கப் போய்விட, நானும் சுருளியும்தான் இருந்தோம். அலிமாம்மா அஸர் தொழுதுகொண்டிருந்தாள். கடைசி இருப்பில் உட்கார்ந்து ஓதும்போது, அவளுடைய வலதுகை ஆட்காட்டி விரல் தொடையிலிருந்து மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. சுருளி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொழுகை முடிந்து அலிமாம்மா பாயை மடித்ததும் கேட்டாள்:

"அதென்ன மதினி, அந்த ஒத்த வெரல மட்டும் நீட்டுனீங்க?"

"அது சாட்சி, சுருளி. கலிமா சொல்றப்ப ஆண்டவன் ஒருத்தன்தான்னு வெரலும் சொல்லும்."

சுருளி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். அவள் குரல் மாறிப்போனது.

"அண்ணனும் அப்படித்தான் இருந்தாராம்."

"எப்படி?"

"எங்க வீட்டுக்காரரு போய்ப் பாத்தப்போ. நாலு வெரலும் மடங்கி, இந்த ஒத்த வெரலு மட்டும் வெறச்சு நின்னுச்சாம். கழுதைக போன தடத்தக் காட்டுறாருன்னு நெனச்சுட்டாரு மதினி. தூக்கி வர்றப்போ செடியில கொடியில மாட்டுமேன்னு அவருதான் மெதுவா மடக்கி விட்டாராம். இத்தாவுல இருக்குறவுககிட்ட ஆம்பள வந்து பேசக்கூடாதுன்னுட்டாக. எனக்கும் இதுல என்ன இருக்குன்னு தெரியல. சொல்லாம விட்டுட்டேன்."

மடித்த பாயை ஓரமாக வைத்துவிட்டு, அலிமாம்மா குவியலருகே சுருளியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்தக் கை?" என்றாள் அலிமாம்மா.

சுருளி தன் வலதுகையை நீட்டினாள். நாலு விரலை மடக்கி, ஏலக்காய்க் கறை படிந்த ஆட்காட்டி விரலை மட்டும், தவசி வீட்டில் செய்து காட்டியபடியே நிறுத்தினாள். அலிமாம்மா அந்த விரலைத் தன் இடது உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தேன். கண் நிறைந்திருந்தது, ஆனால் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிடித்த விரலை விடாமல், வலதுகையால் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்தாள். பெட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

இதைக் கேட்டிருந்த உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும், கண்ணுகளா. உங்களுக்கு முன்னால் போனவர்களின் கப்ருக் குழிகளை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். நீங்கள் தனித்துப்போகிற நேரத்தில் தூக்கி வர ஒரு தோளும், பின்னால் உங்கள் பெயர் சொல்லிக் கையேந்த ஒரு வீடும் உங்களுக்கு எப்போதும் இருக்கட்டும். ஆமீன்.