நகராத புள்ளி

கண்ணாடிக்கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் அவள் வேலை பார்ப்பாள். திரையில் மலைச்சாலை வளைந்து வளைந்து கிடக்கும். அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தப் புள்ளிதான் புருஷன்.

ஐம்பது வயதில் அவருக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜிபிஎஸ் கருவி. சிம்கூட அதற்குள்ளேயே. நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட். அது இதயத்துடிப்பை எண்ணிக் கருவிக்குச் சொல்லும். ஓடிய தூரம், ஏறிய மேடு, துடித்த துடிப்பு எல்லாம் அப்படியே இணையத்தில் இருக்கும் சைக்கிள் குழுவின் பக்கத்துக்குப் போய்விடும். அங்கே அவருக்குப் பெயர் கேப்டன். மாதம் முழுக்க யார் அதிகம் மலையேறினார்கள் என்று போட்டி நடக்கும். கேப்டன் முதலிடம், ஒரு பல் டாக்டர் இரண்டாமிடம். நேரில் பார்த்ததே இல்லையென்றாலும் இரண்டு பேரும் எழுத்திலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முறைத்துக்கொள்வார்கள்.

"எங்க வேணா போங்க. புள்ளி மட்டும் என் கண்ணுல படணும்" என்பது அவள் போட்டிருந்த ஒரே நிபந்தனை.

இந்த மாதம் அவளுக்கே கொஞ்சம் பெருமைதான். செங்குத்தான மேட்டில்கூட அலட்டிக்கொள்ளாத துடிப்பு. "இருபத்தஞ்சு வயசுப் பையன் நெஞ்சு மாதிரி ஓடுது" என்று முதலாளியம்மாவிடம் அளந்துவிட்டிருந்தாள்.

"அப்ப நீ இன்னும் கொஞ்ச நாள் அவரோட மல்லுக்கட்டணும்னு சொல்லு" என்றாள் முதலாளியம்மா.

ஒரு லென்ஸை ஃபிரேமில் பொருத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது புள்ளி நின்றிருந்தது.

தண்ணீர் குடிக்க நின்றிருப்பார் என்று அடுத்த லென்ஸை எடுத்தாள். அதையும் முடித்துவிட்டுப் பார்த்தாள். புள்ளி நகரவில்லை. விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். வளைவுக்குப் பக்கத்தில், சாலையின் கோட்டை விட்டு விலகிக் கிடந்தது. அந்த இடத்தில் படத்தில் வெறும் பச்சை. பள்ளம்.

கீழே துடிப்பின் எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இருக்கக்கூடாத எண்.

அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அதே கதை. ஈரக்கையோடு இருந்ததால் போன் வழுக்கி மேசையில் விழுந்தது. அதை எடுத்து, குழுவின் பக்கத்தில் எழுதினாள்: "நான் கேப்டன் வீட்டுக்காரி. புள்ளி நகரல. போன் எடுக்கல. யாராவது பக்கத்துல இருக்கீங்களா?"

மிலிட்டரி என்ற பெயரில் ஒருவர் உடனே பதில் போட்டார்: "பதறாதீங்கம்மா, ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்." அதற்குப் பின்னாலேயே பல் டாக்டர்: "நான் அடிவாரத்துலதான் இருக்கேன், கார்ல போறேன். மருந்துப்பெட்டி இருக்கு, வலி ஊசியும் இருக்கு. கேப்டனுக்கு ஏதாவது ஊசி ஒத்துக்காதா?"

"அப்படி எதுவும் இல்ல டாக்டர். சீக்கிரம் போங்க" என்று எழுதினாள்.

முதலாளியம்மா வந்து தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். வாசலில் பில்லோடு நின்ற ஆளைச் சாயந்திரம் வரச்சொல்லி அனுப்பினாள். அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. 

அப்போதுதான் போன் அடித்தது. புருஷனின் எண்.

"என்னம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க?"

குரலில் ஒரு மூச்சிரைப்பும் இல்லை. அவளுக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"மலையிலதான். இப்பதான் இறங்க ஆரம்பிச்சேன்."

பின்னால் ஒரு பெண்குரல், "சார், முழங்காலை மடக்காதீங்க, மெஷின் ஓடுது" என்றது.

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். 

"என்னங்க, உங்க புள்ளி பள்ளத்துல கிடக்கு" என்றாள்.

அந்தப் பக்கம் ஏதோ தட்டு உருண்டு விழும் சத்தம். "ஐயோ" என்றார். "உன் தம்பி."

முழங்கால் போன மாதமே கழன்றுவிட்டதாம். மலையேற முடியாது. முதலிடத்தை டாக்டருக்கு விட மனசும் வரவில்லை. கருவியை மச்சானிடம் கொடுத்தார். துடிப்பு பதியாத ஓட்டம் குழுவில் செல்லாது என்று டாக்டர் கொண்டுவந்த சட்டத்துக்காகப் பெல்ட்டையும் அவன் நெஞ்சிலேயே கட்டிவிட்டார். தான் பிசியோதெரபி அறையில் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

அவள் பாதியைத்தான் கேட்டாள். பத்து வயதில் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட தம்பிதான் கண்முன்னால் நின்றான். வலிக்கு ஓர் ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல் தாண்டுவதற்குள் முகம் பந்தாக வீங்கி, தொண்டை அடைத்து, அவள் மடியிலேயே நீலம் பாரித்துப்போனான். இன்னொரு தடவை அந்த ஊசி போட்டால் பிழைக்கமாட்டான் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எதுவும் இல்ல டாக்டர் என்று எழுதியது அவளுடைய கைதான்.

இணைப்பைத் துண்டித்துவிட்டு, குழுவின் பக்கத்தில் இருந்த எண்ணில் டாக்டரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அதே பக்கத்தில் அவர் கடைசியாகப் போட்ட வரி நின்றது: "வந்துட்டேன். ஆள் தெரியுது. கீழ இறங்குறேன்." போன் காருக்குள் கிடந்து தனியாக அடித்துக்கொண்டிருக்கும். தம்பியின் போனோ அணைந்து கிடந்தது.

மறுபடி புருஷனைக் கூப்பிட்டாள். "டாக்டர் ஊசியோட பள்ளத்துல இறங்கிட்டார். போனை எடுக்கல. என்னங்க பண்றது?"

"கருவிக்கு எழுது" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "புள்ளியைத் தொடு. உற்சாகப்படுத்த ஒரு பெட்டி வரும். அதுல எழுதினா கருவி பீப் அடிச்சு, எழுத்து அது திரையிலயே ஓடும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா குழுவுல எல்லாருக்கும் தெரியும்."

"தெரியட்டும்."

"நான் வேணாம்னு சொல்லல. எழுதும்மா, சீக்கிரம்."

அவசரத்தில் எழுத்துகள் இடம் மாறி விழுந்தன. அழித்து அழித்து எழுதினாள்: "இது கேப்டன் இல்ல. என் தம்பி. வலி ஊசி போடாதீங்க. உயிர் போயிடும்."

அனுப்பினாள். மறுபடி அனுப்பினாள். மிலிட்டரி பார்த்துவிட்டார். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. "வலி ஊசி வேண்டாம்" என்று அவரும் அதே பெட்டியில் போட்டார். பிறகு இன்னொருவர், அப்புறம் முகம் தெரியாத யார் யாரோ. வலி ஊசி வேண்டாம், வலி ஊசி வேண்டாம் என்று திரை நிரம்பி வழிந்தது. எங்கோ ஒரு புதருக்குள் அந்தத் தீப்பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருக்க வேண்டும். கத்துகிறதா, விழுந்ததில் உடைந்து ஊமையாகிவிட்டதா, அவளுக்கு எப்படித் தெரியும்?

துடிப்பின் எண் ஏறியது. மேலும் ஏறியது. பிறகு சட்டென்று எண்ணே இல்லை. இரண்டு சின்னக் கோடுகள் மட்டும் நின்றன.

"என்னாச்சு? என்ன தெரியுது?" என்று போனில் புருஷன் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் அந்தக் கோடுகளை விரலால் தேய்த்துப் பார்த்தாள். முதலாளியம்மா இயந்திரத்தை அணைத்தாள். அறையில் குழாய்த்தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

குறுக்கே இன்னொரு அழைப்பு வந்தது. பல் டாக்டர்.

"அம்மா, இருக்கீங்களா? உங்க தம்பி உயிரோடதான் இருக்கார். தோள்பட்டை போயிடுச்சு, விலாவும் சந்தேகம். ஊசியில மருந்தை ஏத்திட்டேன். இந்தப் பெட்டி விடாம கத்துதே, எரிச்சல்ல அணைக்கலாம்னு குனிஞ்சேன், படிச்சேன். போடல. ஆம்புலன்ஸ் ஆளுங்க இறங்கினதும் காருக்கு வந்து கூப்பிடுறேன்."

"துடிப்பு வரலையே டாக்டர்."

"விலாவைப் பார்க்க நான்தாம்மா பெல்ட்டை அறுத்தேன்."

"எந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாள். 

ஆஸ்பத்திரியில் அவள் ஓடி நுழைந்தபோது புருஷன் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் சேறு படிந்த சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "முதலிடத்தை நீங்களே வெச்சுக்கங்க கேப்டன்" என்றார். "ஏறினவன் யாருன்னு மட்டும் பக்கத்துல எழுதிடுங்க." புருஷன் தலை குனிந்துகொண்டார். அவள் இரண்டு பேரையும் தாண்டி உள்ளே போனாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி தம்பியின் துடிப்பை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தது. நல்ல எண்தான் என்றாள் நர்ஸ். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போர்வையை விலக்கி, கட்டுக்கு மேலே, அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

தம்பி கண்ணைத் திறந்தான். "அக்கா, கை ஐஸ் மாதிரி இருக்கு. எடு."

"பேசாம படுடா" என்றாள். கையை எடுக்கவில்லை.