ஹாலிஎலக் கல்லணை

பெருவெள்ளம் மலைச்சரிவுகளின் மண்ணை அடித்துக்கொண்டு போன மறுவருடம், சரிவில் கல்லணை கட்டும் விவசாயிகளுக்கு அரசாங்கம் அவசர உதவிப் பணம் அறிவித்தது. பதுளையில் கடை வைத்திருந்த அலவி, ஹாலிஎலவில் இருந்த தன் காய்கறித் தோட்டத்தில் கூலியாள் வீரசிங்கத்தைக் கொண்டு அணை கட்டினார். உதவிப் பணம் வந்ததும் கூலி என்று பேச்சு.

அதிகாரி பார்வையிட வரவேண்டிய காலையில் மழை பிடித்துக்கொண்டது. அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, கற்கள் முன்னே தள்ளி நின்றன. கீழே தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் அடுப்புகள் புகைந்தன.

"மொதலாளி, ஓரத்த ஒடச்சுத் தண்ணிய ஓடைப்பக்கம் திருப்பணும். மொத்தமா சரிஞ்சா லயம் இருக்காது."

"கொஞ்சம் பொறு. தொரை வந்து பாத்துட்டுப் போகட்டும். ஒடச்சா ஒனக்கும் கூலி இல்ல."

"கூலி கெடக்கட்டுங்க" என்று வீரசிங்கம் கடப்பாரை போன்ற அலவாங்கை எடுத்து ஓரத்துக் கல்லில் இறக்கினான். அலவி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார். அந்த நேரம் அணையின் நடுவிலிருந்து ஒரு கல் பிதுங்கி உருண்டு, லயத்துச் சுவரில் மோதியது. உள்ளே குழந்தைகள் அலறினார்கள். அலவி பிடியை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். இருவரும் வெட்டிய வாய்க்கால் வழியே சேற்றுநீர் இரைச்சலோடு ஓடைக்குத் திரும்பியது.

தண்ணீர் வடிவதற்குள் அதிகாரி குதிரையில் வந்தார். உடைந்த அணைக்குப் பணம் கிடையாது என்றார். வீரசிங்கத்தின் கையிலிருந்த அலவாங்கைப் பார்த்து, யார் உடைத்தது என்று அதட்டினார்.

"நான்தான் ஒடைக்கச் சொன்னேன்" என்றார் அலவி.

அதிகாரி போனபின் அவர் வீரசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் கடைக்கு வா. கூலிய அரிசியாத் தாறேன்."