ஐம்பது மீட்டருக்குள்

நகரமைப்பு அலுவலகத்தில் அவள் நில அளவையர். ஆற்றங்கரையில் யார் எதைக் கட்டினாலும், வெள்ளம் ஏறிய உச்சக் கோட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்பது விதி. அந்தத் தூரத்தை அளந்து சிவப்புக் கல் நடுவது அவள் வேலை. புது விடுதி எழும்பும் இடத்தில் மட்டும் மூன்று முறை நட்டாள். மூன்று முறையும் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டார்கள்.

அந்த விடுதிக்குப் பொக்லைன் ஓட்டுபவன் அவளுடைய அண்ணன். அவன் வீடு இருப்பது எதிர்க்கரைத் தாழ்வான தெருவில்.

ஞாயிறு மதியம் அங்கே சாப்பிடும்போது அவள் பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, நீ கொட்டற கல்லு ஆத்தைப் பாதியா சுருக்குது. கரையில விடுதிக்காரங்க கட்டற செவரும் எழும்பினா தண்ணி இந்தப் பக்கம்தான் திரும்பும். உன் வீட்டுக்கு நீயே குழி தோண்டிக்கிற."

"நான் ஓட்டலேன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான். சோத்துல கை வெச்சிருக்கும்போது சட்டம் பேசாதே."

அண்ணி இருவர் தட்டிலும் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, வேலை நிறுத்த உத்தரவோடு அவள் விடுதிக்குப் போனாள். கூட ஒரே ஒரு உதவியாளர். ஓய்வு பெற எட்டு மாதமே இருந்த மனிதர். அளந்து பார்த்தார்கள். சுவருக்கான பள்ளம் பதினெட்டாவது மீட்டரில் இருந்தது; ஒரு ஓரத்தில் செங்கல் சுவர் அரைகுறையாக எழும்பியும் இருந்தது. பள்ளத்துக்குள் கம்பிகள் ஈட்டி போல வரிசையாக நின்றன.

விடுதி வேலையின் சூப்பர்வைசரை எல்லோரும் கட்டை என்பார்கள். குள்ளம், கழுத்தே தெரியாத உடம்பு. உத்தரவை வாங்கி, படிக்காமலே கிழித்தான். அவள் இன்னொரு நகலை எடுத்து அலுவலகக் கொட்டகையின் கதவில் ஒட்டினாள்.

"உனக்குக் காது கேக்காதா?" என்றான் கட்டை.

"கேக்குது. வேலையை நிறுத்துங்க."

கட்டை கையை ஓங்கினான். உதவியாளர் குறுக்கே வந்து, "மேடம் மேல கை வைக்காதீங்க, சார்" என்றார். கட்டை அவர் கையிலிருந்த அளவுகோலைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடித்தான். பல் தெறித்தது. அடுத்த அடி அவளுக்கு. தடுக்கத் தூக்கிய மணிக்கட்டில் எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. கூந்தலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்ப் பள்ளத்துக்குள் தள்ளினான். சேறு வாய்க்குள் போனது. பத்துப் பதினைந்து பேர் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை.

பத்தடி தள்ளி, வாளி நிறையக் கல்லோடு பொக்லைன் நின்றது. ஓட்டுபவன் அவளுக்கு யார் என்று கட்டைக்குத் தெரியாது.

"டேய், அவ மேல ரெண்டு கல்லைக் கொட்டுடா! அப்பதான் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டா!"

இயந்திரம் உறுமியது. கல் விழவில்லை. வாளி கல்லோடு அப்படியே சுழன்று வந்து கட்டையின் இடுப்பில் மோதியது. அவன் காற்றில் பறந்து, கம்பிகளின் மேல் விழுந்தான். ஒரு கம்பி தொடையைத் துளைத்து மறுபக்கம் வந்தது. அவன் போட்ட அலறலில் நின்றவர்களெல்லாம் சிதறி ஓடினார்கள்.

அண்ணன் நிறுத்தவில்லை. வாளியை மறுபடி தூக்கினான்.

"அண்ணா, வேண்டாம்! செத்துடுவான்!"

அவள் முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டையிடம் தவழ்ந்து போனாள். வாளி இருவர் தலைக்கும் மேலே ஒரு கணம் ஆடியது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, அரைகுறையாக நின்ற சுவரில் இறங்கியது. அடிமேல் அடி. செங்கல் பொடிப்பொடியானது. அந்தப் புழுதிக்குள் அவள் தன் துப்பட்டாவைக் கட்டையின் தொடையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். இரத்தம் சூடாக அவள் முழங்கையில் வழிந்தது. 'இவன் சாகட்டும்' என்று ஒரு மனம் சொன்னது. கை மட்டும் இறுக்கிக்கொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது அண்ணன் இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் அண்ணி வந்து நின்றாள்.

"மெஷின் தானா திரும்பிடுச்சுன்னு சொல்லேன். ஒரு வார்த்தைதானே?"

"அண்ணன் வாளியால அடிச்சதை நான் பார்த்தேன் அண்ணி."

"உனக்காகத்தானே அடிச்சார்!"

"ஆமா. அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். ஒரு இடத்துல பொய் சொன்னா, நான் அளந்த பதினெட்டு மீட்டரும் பொய்னு ஆக்கிடுவாங்க."

அண்ணி கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை மூடித் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் அறிக்கையில் எல்லாமே இருந்தது: தூரம், கிழித்த உத்தரவு, உதவியாளரின் பற்கள், வாளி. விடுதியின் அனுமதி ரத்தானது. கரையில் கொட்டிய கல்லை அவர்களே அள்ளிப்போக வேண்டியதாயிற்று. கட்டைக்கு ஒரு கால் போனது. மூன்று வருடச் சிறையும் கிடைத்தது. அண்ணனுக்கு இரண்டு வருடம். விடுதி முதலாளி தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

சிறைக்கு இரண்டு முறை போனாள். அண்ணன் பார்க்க மறுத்துவிட்டான். மூன்றாவது முறை வந்து, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். இளைத்திருந்தான்.

"கை எப்படி இருக்கு?"

"குளிர்ல வலிக்குது."

காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் மேல கோவமா?" என்று அவள்தான் கேட்டாள்.

"இருக்காதா பின்னே? உள்ள தள்ளுனதே நீதானே." எழுந்தவன், வாசல்வரை போய் நின்றான். "அடுத்த மாசமும் வா. வரும்போது உன் அண்ணியையும் எப்படியாவது கூட்டிட்டு வா. உன்கூட வரமாட்டேன்னு சொல்லுவா. விடாதே."