வாத்தை விரட்டியவள்

செத்துக் கிடந்த புருஷனின் கன்னத்தில் மூலிகைப் பத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தபோதே தெருக்கதவு இடிபடும் சத்தம் ஸூயுனுக்குக் கேட்டது. பத்துக்கு அடியில் இருந்தது, கைதிகளுக்குக் குத்தும் பச்சை முத்திரை. அது தெரிந்தால் தலையை வெட்டி நகர வாசலில் தொங்கவிடுவார்கள். தலையில்லாதவன் மூதாதையர் முன்னால் எப்படிப் போய் நிற்பான்? முகத்தை வெள்ளைக் காகிதத்தால் மூடிவிட்டு எழுந்தாள். பொண்டாட்டி என்று தெரியக்கூடாதென்று, துக்கத்துக்கு அவிழ்த்துப் போட வேண்டிய கூந்தலை எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். சணல் துக்கத்துணியும் கட்டவில்லை.

அவள் புருஷன் லுவோ டாய் ஒன்றும் பெரிய வீரனில்லை. ஏரிக் கொள்ளைக் கூட்டத்துத் தலைவர்களைப் பற்றிச் சந்தையில் கதை சொல்கிறவர்கள் இவன் பேரைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். தலைவர்களுக்குப் படகு தள்ளினவன். நீர்க்கோழி என்று பட்டம். அந்தப் பட்டத்துக்காகவா என்னை விட்டுப் போனாய் பாவி என்று அவள் திட்டாத நாளில்லை. விடியும்போது முதுகில் அம்போடு வந்து விழுந்தவன், "கஞ்சி இருக்கா?" என்றுதான் கேட்டான். அது சூடாவதற்குள் போய்விட்டான்.

காவல் தலைவர் பாங் வில்லாட்களை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக முற்றத்துக்கு வந்தார். அவர் செருப்பின் முனையில் வெள்ளைத் துணி தைத்திருந்ததை ஸூயுன் பார்த்தாள். அவர் வீட்டிலும் ஏதோ சாவு.

செத்தது யார் என்று கேட்டார். கூலிக்கு வந்த படகுக்காரன், காய்ச்சல் என்றாள். கூலிக்காரனுக்குச் சவப்பெட்டியா என்றார். பாயில் சுற்றிப் புதைத்தால் வீட்டையே சுற்றுவான் ஐயா, பழைய பலகைதான் என்றாள். அவர் குனிந்து காகிதத்தின் ஓரத்தைத் தூக்கினார்.

"கன்னத்துல என்னம்மா பத்து?"

"பல்வலிங்க. வீங்கிப்போச்சு."

அவர் பத்தை உரிக்கவில்லை. காகிதத்தைக் கீழே விட்டார். "சரி, மூடி ஆணி அடிக்கட்டும். பாத்துட்டே போறேன்."

மேற்கே ஆணி இறங்கும்போது கிழக்கே ஒதுங்கு, கிழக்கே இறங்கும்போது மேற்கே ஒதுங்கு என்று சொந்தக்காரர்கள் செத்தவனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆவியும் ஆணியோடு பெட்டியில் மாட்டிக்கொள்ளும். கூப்பிட்டால் பொண்டாட்டி என்று தெரிந்துவிடும். இந்த மனுஷன் அதற்குத்தான் காத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுத் தச்சர் ஷென் மூடியைப் பொருத்தினார். மேற்குப் பக்கம் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கியவர், பழக்க தோஷத்தில் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டார். கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற பார்வை. பார்த்த பிறகுதான் செய்த தப்பு அவருக்கே உறைத்தது. பாங்கின் கண்ணும் அவள் பக்கம் வந்தது.

பெட்டியோரம் வாத்து ஒன்று சிந்திய தானியத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. ஸூயுன் முறத்தை எடுத்தாள்.

"ஏ சனியனே! கெழக்க போ! அடிபட்டுச் சாவப்போற, கெழக்க ஒதுங்கு!"

சுத்தியல் இறங்கியது. வாத்து கத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டது. மேற்கிலேயே அடுத்த ஆணி. முற்றத்தில் விரட்ட ஒன்றும் இல்லை. அவள் வெறும் தரையைப் பார்த்து முறத்தை வீசினாள்.

"கெழக்க போன்னு சொல்றேன்ல. சொன்ன பேச்சு என்னிக்குக் கேட்ட நீ? கெழக்கயே இரு."

குரல் உடைந்துவிட்டது. ஷென் அந்த ஆணியையும் அடித்து இறக்கினார். பாங் காலியான தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். வாசலில் வில்லாட்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷென் கிழக்குப் பக்கம் வந்து ஆணியை வைத்தார். ஸூயுனுக்கு வாய் திறக்கவில்லை. முறத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"பெரியவரே, கொஞ்சம் பொறுங்க" என்றார் பாங். பிறகு அவளிடம், வாசலுக்குக் கேட்காத குரலில்:

"இப்ப மேக்க வரச் சொல்லும்மா, வாத்தை."

சொன்னாள். சொல்லி முடித்ததும்தான் சுத்தியல் இறங்கியது. கடைசி ஆணிவரை பாங் இருந்தார். பிறகு வாசலுக்குப் போய், "யாரோ அநாதைப் படகுக்காரன். நடங்கடா" என்று அதட்டினார்.

காலடிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் ஷென் சுத்தியலைக் கீழே வைத்தார். ஸூயுன் அடுப்படிக்குப் போனாள். ஆறி ஏடு கட்டியிருந்த கஞ்சியை மறுபடி சூடுபண்ணி, கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து பெட்டியின் மேற்குப் பக்கமாக வைத்தாள்.