ஆறு வருடம் பழைய படம்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சமூக சேவையும் ஒரு பாடம். அவளுக்கு வாய்த்தது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் வரும் பொய்யைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் வேலை. எதைக் காட்டினாலும் "யார் சொன்னது, எப்போ சொன்னது?" என்று கேட்டதால், இரண்டாம் வாரமே 'சந்தேக அக்கா' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஒரு படம் முதன்முதலில் எப்போது இணையத்தில் வந்தது என்று தேடும் வித்தையை நான்காம் வாரம் காட்டினாள். பகிரப்பட்டு வந்த இரண்டு தலை மீன் படத்தின் சாயம் வெளுத்ததும் வகுப்பே கூத்தாடியது. மணியடித்து எல்லோரும் ஓடிய பிறகு ஒரு பெண் மட்டும் போனை நீட்டினாள்.

"அக்கா, இதையும் பார்க்கலாமா?"

தாடி மண்டிய ஒரு முகம். நினைவு தப்பிக் காப்பகத்தில் இருக்கிறார், தெரிந்தவர்கள் வரவும் என்று கீழே எழுதியிருந்தது.

"எங்கப்பான்னு அம்மா சொல்றாங்க. லாரி எடுத்துட்டுப் போனவர், ரெண்டு வருஷமா வரல. அம்மா நாளைக்குக் கிளம்புறாங்க. பஸ்ல பதினாலு மணி நேரம்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள் சந்தேக அக்கா, வாய் வரவில்லை. அந்தப் பெண்ணே தேடினாள், ஒரு படி பிசகாமல். படம் ஆறு வருடம் பழையது.

"அப்போ அப்பா எங்களோடதான் இருந்தாரு." போனை அணைத்துவிட்டுக் கேட்டாள்: "சரியா செஞ்சேனாக்கா?"

"நீ சரியாத்தான் செஞ்சேம்மா."

அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் சந்தேக அக்காவும் வீடுவரை போனாள். அம்மா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்:

"அது அவர் இல்லைன்னு எனக்கும் தெரியும் கண்ணு. பதினேழு வருஷம் பார்த்த முகம். ஆனா ரெண்டு வருஷமா, போய்த் தேடறதுக்கு ஒரு இடம்கூட இல்லாம உட்கார்ந்திருந்தேன். இப்பத்தான் ஒரு இடம் கிடைச்சுது."

மறுநாள் அம்மா போகத்தான் செய்தாள். அந்த விலாசத்தில் காப்பகமே இல்லை.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் சந்தேக அக்கா அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?"

"போன்ல எது வந்தாலும் 'நீயே பாரு'ன்னு என்கிட்ட குடுத்துடறாங்க. அப்பா மாதிரி இருக்குன்னு யார் யாரோ அனுப்புறாங்கக்கா. இதுவரைக்கும் பதினோரு படம் பார்த்துட்டேன்."

"இனிமே எனக்கு அனுப்பிடு. நீ பார்க்க வேணாம், நான் பார்த்துச் சொல்றேன்."

அந்தப் பெண் தலையை அசைத்து மறுத்தாள்.

"வேணாங்க்கா. உங்களுக்கு எங்கப்பா முகம் தெரியாதே."